முக்திநாத்துக்கு எப்படிப் போவது: ஜீப்பா, விமானமா, ஹெலிகாப்டரா, நடையா?

திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களில் பாடிய சாளக்கிராமத் திவ்யதேசமாக முக்திநாத்தைப் போற்றி, தமிழ்நாட்டிலிருந்து குழுக் குழுவாக நேபாளம் போகிறார்கள். பொக்காரா வரை யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. அங்கிருந்து மேலே எப்படிப் போவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு விவாதம். அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மாவுக்கு இரத்த அழுத்தம், மகனுக்கு நாலே நாள் விடுப்பு. டிராவல்ஸ்காரர் ஹெலிகாப்டர் என்கிறார். போய்வந்த உறவினர் ஜீப்பே போதும் என்கிறார். இன்னொருவர் விமானம் ரத்தாகி மூன்று நாள் பொக்காராவிலேயே கிடந்ததைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்.

இந்த விவாதம் பெரும்பாலும் கட்டணத்திலும் நேரத்திலும் முடிந்துவிடுகிறது. கோயில் 3,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது என்பதும், போகும் வழியெல்லாம் மக்கள் வாழும் ஒரு பள்ளத்தாக்கு என்பதும் கணக்கில் வருவதில்லை. அந்த இரண்டையும் முன்னால் வைத்தால் விடை மாறும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

உயரம். பொக்காரா சுமார் 820 மீட்டர். வழியில் விமான நிலையம் உள்ள ஊரான ஜோம்சோம் 2,700 மீட்டரைத் தாண்டுகிறது. கோயிலடி ஊரான ராணிபௌவா 3,700. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 2,500 மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பகலில் அதைவிட உயரம் ஏறி இறங்கலாம். தூங்கும் உயரம்தான் முக்கியம்.

காற்றும் மழையும். தவளகிரிக்கும் (8,167 மீட்டர்) அன்னபூர்ணாவுக்கும் (8,091 மீட்டர்) நடுவே காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு வருகிறது. வெயில் ஏறியதும் வடக்கே முஸ்தாங் மேட்டுநிலம் சூடாகி, தெற்கிலிருந்து இந்த இடுக்கு வழியே காற்றை இழுக்கிறது. காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கும் காற்று மாலை வரை அடங்காது. ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதற்கு இதுவே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஜோம்சோமுக்கு மேலே மழை குறைவு, ஆனால் அதற்குக் கீழே பேனி, காசா என்ற ஊர்களுக்கு இடையே சாலையில் மண் சரியும்.

பணம் யார் கையில் தங்குகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் விடுதி நடத்துபவர்களில் பெரும்பாலோர் தக்காலிகள் போன்ற உள்ளூர் மக்கள். நீங்கள் இரவு தங்கி, சாப்பிட்டு, வண்டி அமர்த்தினால் அவர்களுக்கு வருமானம். மேலே பறந்து வந்து திரும்பினால், குப்பையும் இரைச்சலும் மட்டுமே அவர்களுக்கு மிச்சம்.

புகை. ஒருவர் பங்குக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பது. கீழே தந்திருக்கும் எண்கள் எரிபொருள் செலவிலிருந்து போட்ட தோராயக் கணக்கு. டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ, விமான எரிபொருளுக்கு 2.5 கிலோ என்று வைத்திருக்கிறது.

மறைந்த செலவு. ரத்து, காத்திருப்பு, வண்டி மாற்றம், கூடுதல் இரவு. விளம்பரத் தாளில் இவை இருக்காது.

| வழி | பொக்காராவிலிருந்து ஒரு வழி நேரம் | உயரத்துக்கு உடல் பழக வாய்ப்பு | ஒருவருக்குப் புகை, போய்வர | எது கெடுக்கும் |
|---|---|---|---|---|
| ஜீப் (7 பேர்) | ஜோம்சோம் வரை 8–10 மணி | நன்று, வழியில் தங்கினால் | சுமார் 17 கிலோ | மண்சரிவு, சோர்ந்த ஓட்டுநர் |
| பேருந்து (30 பேர்) | ஜீப்பைவிட இரண்டு மணி கூடுதல் | நன்று | சுமார் 8 கிலோ | முதுகு, நேரம் |
| விமானம் + ஜீப் | 20–25 நிமிடம், பிறகு 1–2 மணி | நடுத்தரம் | 45–50 கிலோ | காற்று, மேகம் |
| ஹெலிகாப்டர் (5 பேர்) | 35–40 நிமிடம் | இல்லை | சுமார் 115 கிலோ | மேகம், அவசரம் |
| ஜோம்சோம் வரை வண்டி, பிறகு நடை | கூடுதலாக 2 நாள் | சரியாகத் திட்டமிட்டால் மிக நன்று | ஜீப் அளவுதான் | பிற்பகல் காற்று, அவசர ஏற்றம் |

## ஜீப்

பெரும்பாலான குடும்பங்களுக்கு ஜீப்தான் சரி. ஆனால் வழக்கமாக விற்கப்படும் மாதிரி அல்ல. காலை நாலு மணிக்குக் கிளப்பி, அன்றே ஜோம்சோமில் இறக்கி, மறுநாள் தரிசனம் முடித்து அன்றே பொக்காராவுக்கு ஓட்டும் இரண்டு நாள் திட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடவே வேண்டாம். வயதானவர்களுக்கும் ஓட்டுநருக்கும் அது ஆபத்து.

சாலை பொக்காராவிலிருந்து குஷ்மா, பாக்லுங் வழியாகப் பேனிக்கு வருகிறது. சுமார் 80 கிலோமீட்டர். அதுவரை மலைச் சாலைதான், என்றாலும் பயமில்லை. பேனியிலிருந்து தாத்தோபானி (1,190 மீட்டர்), ருப்சே அருவி, காசா (2,010) வரை பள்ளத்தாக்கு குறுகி, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. சாலை அகலப்படுத்தும் வேலை நடக்கும் நாள்களில் வண்டிகளை நிறுத்தி வைப்பார்கள். காலோபானிக்கு (2,530) மேல் பள்ளத்தாக்கு விரிந்துவிடும். துக்குச்சே, மார்ஃபா தாண்டி ஜோம்சோம். அங்கிருந்து காக்பேனி முனை வழியாக ராணிபௌவா இன்னும் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

உடலுக்கு ஒத்துவரும் திட்டம் இப்படி இருக்கும்:

1. முதல் நாள் பொக்காராவிலிருந்து காலோபானி அல்லது மார்ஃபா. அங்கேயே இரவு. உயரம் 2,500–2,700.
2. இரண்டாம் நாள் அரை நாள் பயணத்தில் காக்பேனி (2,800). கண்டகிக் கரையில் திதி கொடுப்பவர்கள் இங்கே கொடுக்கிறார்கள். இரவு இங்கே.
3. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மேலே போய், தரிசனம் முடித்து, மதியத்துக்குள் இறங்கி மார்ஃபாவிலோ தாத்தோபானியிலோ தங்கல்.
4. நான்காம் நாள் பொக்காரா.

ராணிபௌவாவில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. 2,800-லிருந்து ஒரே தாவலில் 3,700-இல் தூங்குவது அந்த 500 மீட்டர் விதியை ஏறக்குறைய இரட்டிப்பாக மீறுவது. தலைவலியும் குமட்டலும் உயரம் ஏறி ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வரும், அதாவது நள்ளிரவில். காலை ஏறி மதியம் இறங்குபவர் அந்த நேரம் வரும்போது ஆயிரம் மீட்டர் கீழே இருப்பார்.

ஜீப்பின் பெரிய பலம் இதுதான்: யாருக்காவது மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, இருமல் நிற்காமல் வந்தாலோ, வண்டி வாசலில் நிற்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஜோம்சோம் வந்துவிடலாம். உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்குத்தான் வரும், அதை நம்பி மேலே உட்கார்ந்திருக்கக் கூடாது.

வண்டி பேசும்போது கேட்க வேண்டியவை: ஓட்டுநரின் சாப்பாடும் தங்குமிடமும் வாடகையில் சேர்ந்ததா? சேரவில்லை என்றால் அவர் வண்டியிலேயே தூங்குவார், மறுநாள் அந்தச் சாலையை அரைத் தூக்கத்தில் ஓட்டுவார். அவருக்கு ஓர் அறைக்கான பணம் உங்கள் பாதுகாப்புக்கான செலவு. மண்சரிவில் சாலை அடைபட்டால், நடந்து கடந்து மறுபக்கத்தில் வேறு வண்டி பிடிக்க வேண்டி வரும். அந்த இரண்டாவது வாடகை யாருடையது என்று முன்பே பேசி எழுதி வாங்குங்கள். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நடு வரிசையில் வயதானவர்களை உட்கார வையுங்கள். பின் வரிசையில் குலுக்கல் இருமடங்கு. வாந்தி வருபவர்களுக்கு மாத்திரை கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தர வேண்டும், வளைவுகள் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

புகைக் கணக்கு ஏழு பேர் நிரம்பிய வண்டிக்கானது. போய்வர 360 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 45 லிட்டர் டீசல். இரண்டே பேர் முழு ஜீப்பை அமர்த்தினால் தலைக்கு 60 கிலோ ஆகிவிடும், விமானத்தைவிட அதிகம். தம்பதியாகப் போகிறவர்கள் பொக்காராவில் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்வது அல்லது பேருந்து ஏறுவது நல்லது.

## பேருந்து

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு நாள்தோறும் உண்டு. மிகக் குறைந்த செலவு, மிகக் குறைந்த புகை. நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள், முதுகு நன்றாக இருப்பவர்கள் தயங்காமல் போகலாம். ஒரே நாளில் ஓட்டி முடிக்காமல் தாத்தோபானியில் இறங்கி, அங்குள்ள வெந்நீர் ஊற்றில் குளித்து, மறுநாள் அடுத்த பேருந்தைப் பிடிப்பது களைப்பைப் பாதியாக்கும். முன்பதிவில் சக்கரத்துக்கு முன்னால் உள்ள இருக்கைகளைக் கேளுங்கள்.

## விமானம்

இருபது நிமிடம். வலது புறம் அன்னபூர்ணா, இடது புறம் தவளகிரி. வானம் தெளிவாக இருக்கும் அக்டோபர் காலையில் இதற்கு ஈடு இல்லை.

பறப்பவை சுமார் 19 பேர் அமரும் சிறு விமானங்கள். மலைகளுக்கு மேலே அல்ல, மலைகளுக்கு நடுவே பறக்கின்றன. மேகம் இறங்கினால் வழி தெரியாது. 2012 மே மாதத்தில் ஜோம்சோம் விமான நிலையத்துக்கு அருகே நடந்த விபத்தில் 15 பேரும், 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் கிளம்பிய விமானம் முஸ்தாங் மலையில் மோதியதில் அதிலிருந்த 22 பேரும் இறந்தார்கள். அந்த 22 பேரில் இந்தியக் குடும்பம் ஒன்றும் இருந்தது. நேபாள விமான நிறுவனங்கள் 2013 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் உள்ளன. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. விமானி வானிலை சரியில்லை என்று ரத்து செய்தால், கவுன்ட்டரில் நின்று சண்டை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான். "நேற்றும் பறக்கவில்லை, இன்றைக்காவது அனுப்புங்கள்" என்று பயணிகள் கொடுக்கும் நெருக்கடி அந்தப் பாதையில் நல்லதே செய்யாது.

மறைந்த செலவு முழுக்க இந்த ரத்தில் இருக்கிறது. டிக்கெட் பணம் திரும்பும். பொக்காராவில் கூடுதல் இரவு, மேலே கட்டிவைத்த அறை, கடைசி நேரத்தில் இரட்டை விலைக்குப் பிடிக்கும் ஜீப், தவறவிட்ட காத்மாண்டு–டெல்லி விமானம் இவை எதுவும் திரும்பாது. இரு நாள் கைவசம் இல்லாதவர் இந்த டிக்கெட்டை வாங்கக் கூடாது. பை பொதுவாக 10 கிலோ, கைப்பை 5 கிலோ என்று கறாராக எடை போடுவார்கள். பித்தளைப் பாத்திரங்களையும் பெட்டியையும் பொக்காரா விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள்.

ஜோம்சோமில் இறங்கியதும் அப்படியே ஜீப் ஏறி முக்திநாத் போய்விடும் பழக்கம் வேண்டாம். 820 மீட்டரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் 3,700. ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை ஏறுங்கள்.

### போக ஜீப், திரும்ப விமானம்

விமானம் வேண்டும் என்று இருப்பவர்களில் பெரும்பாலோர் போகும்போது பறந்து, திரும்பும்போது ஜீப் எடுக்கிறார்கள். தலைகீழாகச் செய்வது நல்லது. சாலையில் மெல்ல ஏறும்போது உடல் பழகுகிறது. நேரமும் தெம்பும் முதல் நாள்களில்தான் இருக்கும். தரிசனம் முடிந்து களைத்த முழங்கால்களுக்கு இருபது நிமிட இறக்கம். ஜோம்சோமில் விமானம் ரத்தானால் வெளியே ஜீப் நிலையம், ஒரு நாள் தள்ளி பொக்காரா சேரலாம். பொக்காராவில் ரத்தானால் தரிசனமே கேள்விக்குறி. இரு வழியும் பறப்பதோடு ஒப்பிட்டால் விமானப் புகையும் பாதியாகக் குறைகிறது.

## ஹெலிகாப்டர்

பொக்காராவில் கிளம்பி, முக்திநாத்தில் இறங்கி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் நின்று, திரும்பிவிடும். காலைச் சிற்றுண்டிக்குப் பொக்காரா வந்துவிடலாம் என்றுதான் விற்கிறார்கள். பயணிகள் ஐந்து பேர். கட்டணம் ஜீப்பைப் போலப் பல மடங்கு. போய்வர எரியும் 230 லிட்டரை ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 115 கிலோ புகை, ஜீப்பைப் போல ஏழு மடங்கு.

ஆறு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுவதால் வழக்கமான உயர நோய் வர நேரம் இல்லை என்பது உண்மை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இறங்குதளத்திலிருந்து கோயிலுக்கு ஏற வேண்டும். படிகள் உண்டு. பழகாத உடலோடு, "விமானி காத்திருக்கிறார், சீக்கிரம்" என்ற அவசரத்தில், எழுபது வயதுக்காரர் படியேறுகிறார். ஏறியதும் பனியுருகிய தண்ணீர் கொட்டும் 108 தாரைகளில் தலையைக் கொடுக்கிறார். இரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கி அழுத்தம் எகிறும். இதயநோய் உள்ளவருக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. "அப்பாவால் முடியாது, அதனால் ஹெலிகாப்டர்" என்று எடுக்கும் முடிவு அப்பாவை நேராக இந்த நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது.

ஆகவே ஹெலிகாப்டர் யாருக்குப் பொருந்தும் என்றால், இதயமும் நுரையீரலும் சரியாக இருந்து, முதுகுத்தண்டு, இடுப்பு, கால் காரணமாக எட்டு மணி நேரம் ஜீப்பில் உட்கார முடியாதவருக்கு. கூடுதல் காத்திருப்பு நேரத்தை முன்பே பணம் கட்டி வாங்குங்கள். மேலே போனதும் பத்து நிமிடம் உட்காருங்கள். குதிரையோ மோட்டார் சைக்கிளோ எடுத்து ஏறுங்கள். குதிரையின் முதுகில் புண் இருக்கிறதா என்று சேணத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். தாரையில் நனையாமல் கையால் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

நேரத்தை மிச்சப்படுத்த மட்டும் ஹெலிகாப்டர் எடுக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பேர் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் ஒரு வேளை சோற்றுக்குக்கூட அங்கே பணம் கொடுக்காமல் திரும்புவது நல்ல விருந்தாளிகள் செய்வது அல்ல. அதே தொகையில் ஒரு குடும்பம் ஒரு வாரம் அங்கே தங்கலாம்.

## நடை

முழுப் பாதையும் நடப்பதைப் பற்றி இங்கே பேசவில்லை. தோரோங் லா (5,416 மீட்டர்) கடந்து வருவது வேறு வகைப் பயணம். ஜோம்சோம் வரை வண்டியில் வந்து, மிச்சத்தை நடப்பது திடமான உடல் உள்ள எவருக்கும் கைகூடும்.

ஜோம்சோமிலிருந்து காக்பேனி சுமார் 10 கிலோமீட்டர், ஆற்றங்கரை ஓரம், மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். பத்துக்கு மேல் காற்று கூழாங்கல் தூசியை வாரி அடிக்கும். கண்ணாடியும் முகத்துணியும் கட்டாயம். காக்பேனியில் இரண்டு இரவு தங்குவது நல்லது. அங்கிருந்து ஜார்கோட் வழியாக முக்திநாத் இன்னொரு 10 கிலோமீட்டர், ஆனால் 900 மீட்டர் ஏற்றம், நாலைந்து மணி நேரம். ஏறிய அன்றே ஜீப்பில் இறங்கி காக்பேனியிலேயே தூங்குங்கள்.

முழங்கால் ஏற்றத்துக்குப் பயந்தால் ஜீப்பில் ஏறி, தரிசனம் முடித்து, ஜார்கோட் வழியாக இறங்கி நடக்கலாம். இறக்கம் மூச்சை வாட்டாது. ஆனால் முட்டித் தேய்மானம் உள்ளவருக்கு இறக்கம்தான் அதிக வலி, அவர்கள் ஊன்றுகோல் இரண்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

2023 ஏப்ரல் முதல், வெளிநாட்டவர் மலைநடைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டும் என்று நேபாளம் விதித்திருக்கிறது. சுமைதூக்குபவரை அமர்த்தினால் அவர் பொருளும் சேர்த்து 20–25 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவருக்குக் காப்பீடு, கையுறை, கம்பளி ஆடை இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அவரும் சமவெளிக்காரராக இருக்கலாம். உயர நோய் அவருக்கும் வரும், வெளியே சொல்ல மாட்டார்.

## பொக்காரா வரை வருவதில் உள்ள பெரிய கணக்கு

புகையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் ஜீப்பா விமானமா என்று முப்பது கிலோவுக்கு மல்லுக்கட்டுகிறார்கள். சென்னை–டெல்லி–காத்மாண்டு விமானத்தில் போய்வர ஒருவர் பங்கு 400–450 கிலோ. பயணத்தின் மொத்தப் புகையில் பெரும் பகுதி இங்கேதான்.

மாற்றுவழி இருக்கிறது. காட்பாடி, சேலம், ஈரோடு, கோவை வழியாக ஓடும் ரப்திசாகர் விரைவு வண்டி கோரக்பூர் வரை போகிறது. அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் சுனௌலி எல்லை. எல்லை தாண்டி பைரஹவாவிலிருந்து சித்தார்த்த நெடுஞ்சாலையில் பொக்காரா இன்னொரு முழு நாள். ரயிலில் இரண்டு இரவு கழியும் என்பதால் போய்வர ஒரு வாரம் கூடுகிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு இது நல்ல வழி, பைரஹவாவுக்கு அருகிலுள்ள லும்பினியையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலையில் இருப்பவர்கள் ஒரு வழி ரயில், ஒரு வழி விமானம் என்று பிரித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால், பறந்து வந்த பிறகாவது மூன்று நாளில் ஓடாமல் பத்து நாள் தங்குங்கள். காத்மாண்டு–பொக்காரா 200 கிலோமீட்டருக்கு இப்போது மின்சார மைக்ரோ பேருந்துகள் ஓடுகின்றன. நேபாளத்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்மின்சாரம் என்பதால் அந்தப் பகுதியின் புகை மிகச் சொற்பம்.

## யாருக்கு எது

அறுபதைத் தாண்டிய பெற்றோரோடு ஆறேழு பேர் குடும்பம்: நான்கு நாள் ஜீப். தெம்பு குறைந்தால் திரும்பும்போது விமானம்.

விடுப்பு குறைவான தம்பதி: ஒரு வழி விமானம் ஆசையாக இருக்கும், ஆனால் இரண்டு நாள் கைவசம் இல்லை என்றால் பேருந்தோ பங்கு ஜீப்போதான் நம்பகமானது.

இளையவர்கள்: பேருந்து, பிறகு நடை.

ஆஞ்சியோபிளாஸ்டி ஆனவர், இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்: எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன் இதய மருத்துவரிடம் "3,700 மீட்டர்" என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "நேபாளக் கோயில்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு உயரம் தெரியாது. உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை (வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து) தேவையா என்பதும் அவர் சொல்ல வேண்டியது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஜூலை, ஆகஸ்ட் மட்டுமே முடியும் என்பவர்களுக்கு எல்லா வழியும் நம்ப முடியாதவை. அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள்.

## எந்த வழியில் போனாலும்

தண்ணீர். பன்னிரண்டு பேர் குழு ஐந்து நாளில் நாளுக்கு மூன்று லிட்டர் குடித்தால் 180 புட்டிகள். அவற்றைக் கீழே கொண்டுவர லாரிச் செலவு யாரும் கொடுப்பதில்லை, பள்ளத்தாக்கில் புதைகின்றன அல்லது எரிகின்றன. ஆளுக்கு ஒரு லிட்டர் எஃகு புட்டி இரண்டு வைத்துக்கொண்டு, விடுதியில் கொதிநீர் கேட்டுப் பணம் கொடுத்து நிரப்புங்கள். 3,700 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அங்கே மூன்று நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். அன்னபூர்ணா சுற்றுப்பாதை ஊர்களில் பாதுகாப்பான குடிநீர் நிலையங்களும் உண்டு.

சாப்பாடு. சென்னையிலிருந்து சமையற்காரர், அரிசி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிவரும் குழுக்கள் நிறைய. ஆசாரம் பார்ப்பவர்களின் தேவை புரிகிறது. ஆனால் நடுவழி ஒன்று இருக்கிறது. விடுதிச் சமையலறையை வாடகைக்கு எடுத்து, உங்கள் சமையற்காரரே சமைக்கட்டும். அரிசி, பருப்பு, உருளை, கீரை, மார்ஃபா ஆப்பிள் எல்லாம் அங்கேயே வாங்குங்கள். அவ்வளவு ஆசாரம் இல்லாதவர்களுக்குத் தக்காலிச் சாப்பாடே நல்ல சைவச் சாப்பாடு: சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், கேட்டால் இன்னும் கொண்டுவந்து போடுவார்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் "பியாஜ், லசுன் நஹால்னுஸ்" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

துணியும் பூஜைப் பொருளும். நனைந்த துணியைத் தாரையடியிலும் கண்டகியிலும் விட்டுவரும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. இன்றைய சேலையும் வேட்டியும் பாதி பாலியஸ்டர், மக்காது. ஒரு ரப்பர் பை கொண்டுபோய் ஈரத்துணியைத் திரும்ப எடுத்து வாருங்கள். கற்பூர உறை, எண்ணெய்ப் புட்டி, பூ வைத்த கவர் இவற்றுக்கும் அதே பை. கோயிலைப் பௌத்தத் துறவியம்மாக்களும் பேணுகிறார்கள். அவர்கள் சொல்லும் வரிசையை மதியுங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள்.

சீட்டும் பணமும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு சார்க் நாட்டவருக்கு (இந்தியா, இலங்கை போன்ற தெற்காசிய நாடுகள்) 1,000 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் இரண்டாவது வகை. இரண்டு புகைப்படமும் அடையாளச் சான்றின் நகலும் பொக்காராவிலேயே தயாராக இருக்கட்டும். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 15 வயதுக்கு உட்பட்டவர்களும் ஆதார் போன்ற படம் உள்ள அட்டையோடு போகலாம். இலங்கைக் குடிமக்களுக்கு ஆண்டில் முதல் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் இறங்கியதும் விசா வாங்கலாம், 15 நாளுக்கு 30 டாலர். இந்திய ரூபாய்க்கு மாற்று விகிதம் 1.6 நேபாள ரூபாய் என்று நிலையானது. நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோய் பொக்காராவில் மாற்றிக்கொள்ளுங்கள். ஜோம்சோமில் ஏடிஎம் உண்டு, ஆனால் மின்சாரமோ இணைப்போ போன நாளில் அது உதவாது. அக்டோபரில் போகிறவர்கள் தசைன் பண்டிகை நாள்களைக் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஓட்டுநர்களும் விடுதிக்காரர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள், பேருந்து இருக்கையும் கிடைக்காது.